பெயர்மாற்றப் பதிவேடு

மார்ச் முழுக்க லேபிள் கிழித்தேன்.
மைனஸ் எண்பதில் கிடந்த குழாய்கள்
கையுறை தாண்டியும் விரலைக் கடித்தன.

வேர்முடிச்சில் இருந்தால் ரைசோபியம்:
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவரின் சட்டம்.
நான் சேர்ந்த பிறகு
பெட்டி பதினேழு மொத்தமும் பர்க்ஹோல்டேரியா ஆயிற்று.
இப்போது முன்னால் ஒரு ‘பாரா’ ஒட்டச் சொல்கிறார்கள்,
நோயாளிகளின் நுரையீரலில் குடியேறும் பங்காளிகளோடு
குழப்பிக்கொள்ளாமல் இருக்க.

குழாய்க்குள் எதுவும் அசையவில்லை.

என் அடையாள அட்டையிலும்
இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள்,
கல்யாணத்துக்கு ஒன்று, விவாகரத்துக்கு ஒன்று.
டியமன்டினா பதிவாளர் அலுவலகத்தில்
அதே குமாஸ்தா, அதே பேனா.
இரண்டாம் முறை மட்டும் கட்டணம் அதிகம்.

மேல்தட்டில் சோயாவின் பிராடிரைசோபியம்,
அகார் தட்டில் தலைகாட்டவே ஒரு வாரம் எடுக்கும் சோம்பேறி.
அதற்குக் கீழே சவுக்கு வேரின் ஃபிராங்கியா
பூஞ்சை வேஷம் கட்டி நூல் நூலாய்.
மூலையில் நாஸ்டாக், பச்சை மணிக்கோவை,
உறைபனியிலும் வெயிலை மறக்காத நிறம்.
ஒருவருக்கொருவர் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.
செய்வது ஒரே வேலை:
காற்றை உடைத்துச் செடிக்குச் சோறாக்குவது.

பெட்டி பதினேழு மட்டும் மலைச்சரக்கு.
எஸ்பின்யாசோவின் வெள்ளைக் குவார்ட்ஸ் மணலில்
தொட்டாற்சிணுங்கியின் அக்கா தங்கைகள்
இத்தனை வகை உண்டென்று
அங்கே போகும்வரை எனக்குத் தெரியாது.
காய்ந்த பூ பொறுக்கி விற்கும் ஜெனெரோசா
எல்லாவற்றையும் ஒரே பேரில் கூப்பிட்டாள்:
மரியா, கதவைச் சாத்து.
பூவை விட்டுவிட்டு வேரை எடுத்துப்போகிறவர்களை
அவள் அதுவரை பார்த்ததில்லை.
என் பையை வாங்கி மோந்து பார்த்தாள்,
திருப்பிக் கொடுத்தாள்.

நான்காவது குழாயில் லேபிள் இல்லை.
பசை விட்டு, பனியோடு எங்கோ உதிர்ந்திருக்கிறது.
தூக்கிப் போடு என்றான் ஓஸ்மாரினோ.
மரபணு வரிசை பார்க்க ஜூலை வரை பணமில்லை.

அதனால் செடியிடமே கேட்டேன்.
வேகவைத்த மணல், நைட்ரஜன் இல்லாத தண்ணீர்,
ஆறு தொட்டி, ஆறு மிமோசா நாற்று.
ஐந்துக்கு அந்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு.
ஆறாவதற்கு ஒன்றுமில்லை.

முப்பத்தெட்டாம் நாள் மணலை உதறினால்
ஐந்து வேரிலும் கடுகு கடுகாய்.
ஒன்றைப் பிளேடால் கீறினேன்,
உள்ளே இளஞ்சிவப்பு,
நம் ரத்தத்தின் ஒன்றுவிட்ட நிறம்.
செடி யாரென்று விசாரிக்கவில்லை.
சாவி பொருந்தியது, திறந்துவிட்டது.
ஆறாவது, மஞ்சளாகி, இலை மூடக்கூடச் சலித்து நின்றது.

ஜூலையில் முடிவு வந்தது.
குலம் காட்டும் மரபணு சொன்னது: குப்ரியாவிடஸ்,
செம்புப் பிரியன்.
முடிச்சு போடும் மரபணுவோ
பக்கத்துக் குழாய்க்காரர்களுடையது, எழுத்துக்கு எழுத்து.
எப்போதோ, ஏதோ ஒரு மண்ணில்,
ஒருவன் மற்றவனுக்குச் சாவியைக் கொடுத்திருக்கிறான்.
அல்லது இவன் திருடியிருக்கிறான்.
எந்தக் கிளையில் இவனை உட்காரவைப்பது?

செம்பு என்றதும் நினைவு தட்டியது.
பழைய டிரைவர் எவெராவ்டோவைக் கூப்பிட்டேன்.
இப்போது அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறான்.
“சுரங்கச் சரிவிலா? ரேடியேட்டர் வெடித்த நாள்!
இழுவை வண்டி வரும்வரை சும்மா இருக்க மாட்டாமல்
நீதானே ரோட்டோரம் தோண்டினாய்.
என் மதியச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடினாய்.”
பின்னால் யாரோ மணி அடித்தார்கள், வைத்துவிட்டான்.

புது லேபிளில் பென்சிலால் எழுதினேன்.
ஆல்கஹால் பட்டால் பேனா மை கரையும்.
அடுத்த ஆண்டுக்கு ரப்பரும் வேண்டியிருக்கும்.

தொட்டிகளைக் கழுவப் போனபோதுதான் பார்த்தேன்,
ஜன்னலோரம் நான் மறந்துவிட்ட ஆறாவதை.
உச்சியில் இரண்டு இலை பச்சை.
தொட்டேன், கதவைச் சாத்தியது.
மணலுக்குள் ஒரே ஒரு முடிச்சு.

யார் கொடுத்த சொட்டு?
தூசியா, குழாய்த் தண்ணீரா, என் நகக்கண்ணா?

ஓஸ்மாரினோவிடம் சொல்லவில்லை.
காலிக் குழாய் ஒன்று எடுத்தேன்.